பொறுப்பக்கா

எங்கள் நூலகத்தில் அவருக்கு இருந்த வேலை கூட்டுவது, மேசை துடைப்பது, பின்னேரம் தேத்தண்ணி போடுவது, பழைய பத்திரிகைகளை மாதவாரியாகக் கட்டி வைப்பது. இவை தவிர வேறெதற்கும் அவர் பொறுப்பில்லை. ஆனால் எங்கே எது தடைப்பட்டாலும் "நான் பொறுப்புங்க" என்று முன்னால் வந்து நிற்பார். அதனால் பிரதேச சபைச் செயலாளர் முதல் வாசலில் ஐஸ்கிறீம் விற்பவர் வரை எல்லோரும் அவரைப் பொறுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது.

நான் அங்கே நூலக உதவியாளராகப் போனபோது போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நூலகத்துக்குப் புதுக் கூரை. உள்ளே அலுமாரிகள் கூட, புத்தகங்கள் குறைவு. முதல் நாள் கொண்டுபோன நியமனக் கடிதத்தில் ஏதோ ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதோட உங்களை வேலைக்கு எடுக்க ஏலாது தம்பி" என்றார். திரும்பிப் போகிற பஸ் பின்னேரம்தான். நான் முழிசிக்கொண்டு நின்றேன். கூட்டுகிற தும்புத்தடியோடு பக்கத்தில் நின்றவர், "இருக்க விடுங்க சேர். தம்பி நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவாரு. நான் பொறுப்பு" என்றார். என்னை அவருக்குப் பத்து நிமிடமாகத்தான் தெரியும்.

ஓம் என்று எங்களைப் போலச் சொல்லுவார். ஆனால் அதன் பின்னால் மலையகத்து "ங்க" ஒட்டிக்கொண்டு வரும். ஓமுங்க. இனக்கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவர். இந்த மண்ணைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. என்றாலும் வயல்காணி வைத்திருந்த எங்கள் ஆட்கள் சிலர், அவர் கொண்டுவந்து வைக்கிற தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "அவா இந்த இடத்து ஆள் இல்லை" என்று கதைப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

அவர் பொறுப்பெடுத்த விஷயங்களுக்கு ஒரு கணக்கில்லை. மழை இருட்டினால், சைக்கிள் நனையுமே என்று எழும்புகிற பிள்ளையை இருந்து படிக்கச் சொல்லிவிட்டுத் தானே போய் எல்லாச் சைக்கிளையும் தாழ்வாரத்துக்குள் ஏற்றுவார். ஒருமுறை உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாத ஒரு தடித்த புத்தகத்தைத் தன் வாய்ச்சொல்லில் கொடுப்பித்தார். அந்தக் குடும்பம் திடீரென்று மல்லாவிக்கு வீடு மாறிப் போய்விட்டது. புத்தகமும் போய்விட்டது. நூலகர் ஏசினார். பொறுப்பக்கா அடுத்த லீவு நாளில் பஸ் ஏறி மல்லாவிக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, புத்தகத்தோடு ஒரு பூசணிக்காயும் கொண்டு வந்து சேர்ந்தார். பூசணிக்காய் பிள்ளையின் தாய் கொடுத்ததாம். அட்டை கழன்றிருந்தது. பசை பூசி, மேலே ஒரு செங்கல்லை ஏற்றி வைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ள நல்லாப் படிக்குது தம்பி. அடுத்த புத்தகமும் கேட்டுச்சு" என்றார்.

"நீங்கள் ஏன் அக்கா தேவையில்லாமல் எல்லாத்துக்கும் தலையைக் குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

அன்று தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். வேறொரு நாள், பத்திரிகைகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"எங்கப்பா இங்க வந்து காடு வெட்டினவருங்க தம்பி. காணி குடுக்கிற நேரம், உன்னத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர கூட்டிட்டு வான்னு கச்சேரி ஆபீசுல சொல்லிருக்காங்க. இங்க எங்கள யாருக்குத் தெரியும்? கச்சேரி வாசல்ல நின்னு போறவங்க வாறவங்க எல்லாரையும் கேட்டாராம். எனக்குப் பொறுப்பு நில்லுங்கய்யான்னு. ஒருத்தரும் நிக்கல்ல."

"பிறகு?"

"பிறகென்ன. அடுத்த தடவ பாப்பம்னு சொன்னாங்க. அடுத்த தடவைக்கு அப்பா இல்ல."

கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

வாசிப்பு மாதம் ஒன்றுக்கு எங்கள் நூலகர் ஒரு யோசனை கொண்டு வந்தார். பழைய பத்திரிகைகள் கிடந்த பக்கத்து அறையை ஒதுக்கி, எங்கள் பகுதியின் கலையும் வரலாறும் தெரிகிறமாதிரி ஒரு கண்காட்சி வைப்பது. சனங்களிடமிருந்தே பொருட்களை இரவல் வாங்குவது. நல்ல மனிதர், நல்ல யோசனை. ஆனால் முழு ஊரும் பல தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய ஊர். வீட்டில் பழைய பொருள் என்று ஒன்று மிஞ்சியிருந்தால், அதைக் காப்பாற்ற அவர்கள் வேறு எதையோ விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அதை யார் இரவல் தருவார்கள்? நானும் நூலகரும் ஏறி இறங்கிய வீடுகளில் கதிரை போட்டு உபசரித்தார்கள். "எங்களிட்டை என்ன இருக்கு சேர்?" என்று கையை விரித்தார்கள்.

பிறகு பொறுப்பக்கா தன் சைக்கிளில் போனார். ஒரு கிழமைக்குள் பின்கரியரில் சாமான்கள் வரத் தொடங்கின. நெல் அளக்கிற கொத்து, மாட்டு மணிகள், கிடங்கு வெட்டிப் புதைத்து வைத்துத் திரும்ப எடுத்த பித்தளைக் குடம், எரிந்த பள்ளிக்கூடத்தில் தப்பிய ஒரு மணி, கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றின் பெயர்ப்பலகையில் பாதி. யாருக்கும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. நூலகர் எழுதத்தான் சொன்னார். ஆனால் கொடுத்தவர்களே, "பொறுப்பக்கா கேட்டவா, தந்தனாங்கள், சீட்டு எதுக்கு?" என்று விட்டார்கள்.

அவரும் ஒன்று கொண்டு வந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடித்த தப்பு என்கிற பறை. வவுனியாவில் சிற்றப்பா வீட்டில் கிடந்ததாம். அதை மேசையில் வைத்த அன்று வாசகர் வட்டத்துப் பெரியவர் ஒருவர், "இது எங்கட வரலாறோ?" என்று கேட்டார்.

"இங்க இருக்கிறவங்கட வரலாறுதானுங்க" என்றார் பொறுப்பக்கா. சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் நூலகரின் முகத்தைப் பார்த்தார். நூலகர் தலையாட்டினார். தப்பு மேசையில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்ததுதான் அந்தப் படம்.

வட்டக்கச்சிப் பக்கம் தனியாக இருந்த ஒரு அம்மாவுடையது. அறுபது வயதிருக்கும். வயல் செய்கிறவர். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கீறிய படம். பெரிய தாளில் வர்ணம் தீட்டியது. குளக்கட்டு, கீழே பச்சை வயல், கட்டின் மேல் சிவப்புச் சேலையோடு நடந்து போகிற ஒரு பெண்ணின் முதுகு. மூலையில் சித்திர ரீச்சர் சிவப்புப் பேனையால் "மிக நன்று" என்று எழுதியிருந்தார். அம்மா அதைச் சுருட்டி, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் விட்டு, இரண்டு வாயையும் பொலித்தீனால் கட்டி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். மகள் மாத்தளன் வரைக்கும் வந்தாள். குழாய் அதற்கு அப்பாலும் வந்தது. மகளுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேரே சுவரில் மாட்டினோம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வருவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். ஒருநாள் நானும் பக்கத்தில் நின்றேன்.

"அது நான்தான் தம்பி" என்றார். "காலமை வயலுக்குப் போகேக்க பின்னால நிண்டு பாத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கீறி முடிச்சாப் பிறகுதான் காட்டினவள்."

"உங்கட முகம் இல்லையே அம்மா."

"ஓம். நான் எப்பவும் போய்க்கொண்டுதானே இருந்தனான். அவளுக்கு முதுகுதான் கூடத் தெரிஞ்சிருக்கு."

வாசிப்பு மாதம் முடிந்தும் கண்காட்சியைக் கழற்ற மனம் வரவில்லை. சனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். புத்தகம் எடுக்க வராதவர்களும் அந்த அறைக்கு வந்தார்கள். வயல் வேலை முடித்துச் சேற்றுக் காலோடு வருகிறவர்களுக்காகப் பொறுப்பக்கா வாசலில் வாளியில் தண்ணீர் வைத்தார். பள்ளிக்கூட மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்ட ஒரு மனிதருக்கு, நூலகர் இல்லாத நேரம் பார்த்து அனுமதி கொடுத்தார். அந்த மனிதர் ஒரே ஒரு தடவை அடித்தார். பிறகு மணியைக் கையால் பிடித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, எங்களைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஒருநாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஆமிக்காரரை எங்களுக்குப் பார்த்தாலே தெரியும். நூலகர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். அவர்களில் ஒருவர் உடைந்த தமிழில், "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான் பொறுப்புங்க" என்றார் பொறுப்பக்கா.

அவர்கள் அவருடைய தும்புத்தடியையும் தேய்ந்த செருப்பையும் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தார்கள். தப்பைத் தட்டிப் பார்த்தார்கள். குளக்கட்டுப் படத்துக்கு முன்னால் கன நேரம் நின்று, அந்தச் சேலைக்காரி யார் என்று கேட்டார்கள். "ஒரு அம்மாங்க, வயலுக்குப் போறாங்க" என்றார். அவர்கள் போன பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து வேறு விதமான ஆட்கள் வந்தார்கள். மாவட்டங்களிலிருந்து கலைப்பொருட்களைச் சேர்த்துப் பெரிய கண்காட்சி ஒன்று செய்கிற அலுவலகம். வந்தவர்கள் மரியாதையானவர்கள். எங்கள் அறையைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். ஏழெட்டுப் பொருட்களைத் தெரிந்தெடுத்தார்கள். தப்பும் பெயர்ப்பலகையும் மாட்டு மணிகளும் அதில் இருந்தன. குளக்கட்டுப் படமும் இருந்தது. மூன்று மாதத்தில் எல்லாம் திரும்பி வரும் என்றார்கள். நூலகருக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்த அம்மாவைக் கேக்கணுங்க சேர்" என்றார் பொறுப்பக்கா.

"நூலகத்துக்குத் தந்ததுதானே. பிறகென்ன கேக்கிறது?"

"கேக்காமக் குடுக்க ஏலாதுங்க."

அவர் நூலகரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மற்ற வீடுகளுக்குத் தனியே போய்க் கேட்டவர், வட்டக்கச்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பொறுப்பக்கா விளக்கமாகச் சொன்னார். பெரிய மண்டபத்தில், லைட் எல்லாம் போட்டு, பிள்ளையின் பெயரை மூன்று மொழியிலும் எழுதி வைப்பார்கள் என்று சொன்னபோது பொறுப்பக்காவின் முகம் மலர்ந்திருந்தது. அவர் கொழும்பைப் பார்த்ததில்லை.

அம்மா நெல்லைக் காலால் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"குடுக்கலாம்னு நினைக்கிறேன்மா."

"திரும்பி வருமோ?"

"வரும்மா. நான் பொறுப்பு."

அம்மா கிளறுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "அப்ப குடு" என்றார்.

மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. எங்கள் நூலகர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு இதெல்லாம் தனக்கு முந்திய கதை. நான் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சிங்களத்தில் கேட்டார்கள், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், வேறொருவரிடம் கொடுத்தார்கள், அவர் வேறொரு இலக்கம் தந்தார். அந்த இலக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார். சுவரில் ஆணி இருந்தது. "இன்னும் வரேல்லையோ?" என்று கேட்கமாட்டார். பொறுப்பக்காதான் ஓடிப்போய், "வந்துடும்மா, தம்பி போன் பண்ணிட்டே இருக்காரு" என்பார்.

மற்றவர்கள் அப்படிப் பொறுமையாக இருக்கவில்லை. மாட்டு மணி தந்தவர் சந்தைக்குள் வைத்தே அவரை ஏசினார். "என்ர அப்பற்றை சாமானை வித்துப்போட்டியோ?" என்று கேட்டார். சனம் சுற்றி நின்று பார்த்தது. மரக்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஏசி முடித்த பிறகு, "வாங்கித் தாறேனுங்க" என்றார்.

ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, நேர்ல போய்ப் பாப்பமா?"

காலை ரயிலில் கொழும்புக்குப் போனோம். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, இருவருக்கும் இடியப்பப் பொதி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அலுவலகத்தில் எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் கீழே போகச் சொன்னார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு இளம் பெண் அதிகாரி எங்களை இருத்தி, கேட்டு அறிந்தார். கண்காட்சி செய்த பிரிவே இப்போது இல்லையாம். அரசாங்கம் மாறியதோடு ஆட்களும் பிரிந்து போய்விட்டார்கள். பொருட்கள் பின்பக்கக் களஞ்சியத்தில் இருக்கலாம் என்று தானே திறப்பை வாங்கிக்கொண்டு வந்து திறந்து காட்டினார்.

இடையில் வெள்ளம் வந்து போயிருந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறுத்த கோடு. பதாகைகள், உடைந்த மேசைகள், பூஞ்சணம் பிடித்த மணம். எங்கள் சங்கக்கடைப் பலகையை முதலில் கண்டேன். அதற்குப் பக்கத்தில் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடியில் தப்பு. தோல் கிழிந்து உள்ளே தொங்கியது. மாட்டு மணிகளைக் காணவில்லை.

"இது யாருதும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊருதுங்க."

"எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரமில்லம்மா. அனுப்பின சபை எழுதிக் கேக்கணும். கேட்டாலும் இப்ப யார் கையெழுத்து வைக்கிறதுன்னு எனக்கே தெரியல."

"பரவாயில்லங்க. படத்தத் தேடுங்க மிஸ்."

மூன்று பேருமாகத் தேடினோம். அந்த அதிகாரியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேடினார். சட்டத்தைப் பொறுப்பக்காதான் கண்டெடுத்தார். பின்பக்கத்தில் எங்கள் பழைய நூலகரின் கையெழுத்தில் பிள்ளையின் பெயர் இருந்தது. திருப்பினார். கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே படம் இல்லை. ஓரத்தில் தாள் ஒட்டிக் கிழிந்த வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

"வெள்ளத்துக்குப் பிறகு துப்புரவாக்கினவங்க நனைஞ்சது எல்லாத்தையும் எறிஞ்சிருப்பாங்க" என்றார் அதிகாரி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவருடைய பிழை ஒன்றுமில்லை. யாருடைய பிழை என்று காட்ட அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

திரும்புகிற ரயிலில் மாகோ ஸ்ரேசன் வரைக்கும் அவர் சேலையில் பிடித்த பூஞ்சணக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாராச்சும் அந்தப் படத்த போட்டோ எடுத்திருப்பாங்களா தம்பி?" என்றார். எங்களிடம் அப்போது இருந்தவை பட்டன் போன்கள். திறப்பு விழாவில் எடுத்த போட்டோக்களில் இருந்தவை விருந்தினர்களின் முகங்கள். படம் யாரோ ஒருவருடைய தலைக்குப் பின்னால் ஒரு பச்சை மூலையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அந்த ரெண்டு பேர் எடுத்தாங்களே" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, பேசாமல் இருங்கோ. அவையிட்டைப் போய்க் கேக்கிறதோ?"

அவர் கேட்டார். எனக்குச் சொல்லாமல் அடுத்த நாளே றோட்டோரத்து ஆமி முகாம் வாசலுக்குப் போயிருக்கிறார். காவலுக்கு நின்ற பையனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் தெரியாது. கையால் படம் கீறிக் காட்டியிருக்கிறார். போன் பிடிக்கிறமாதிரிக் காட்டியிருக்கிறார். அவன் யாருக்கோ தகவல் சொல்லி, ஒரு மர வாங்கில் இருத்தி, தண்ணீர் கொடுத்திருக்கிறான். வெயில் ஏறும் வரைக்கும் இருந்திருக்கிறார். பிறகு உள்ளேயிருந்து ஒருவர் வந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினாராம். "நல்ல பொடியன் தம்பி. தண்ணி தந்தான்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்த விசாரணையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாட்டு மணிக்காரரும் வேறு சிலரும் சபைக்கு முறைப்பாடு எழுதினார்கள். விசாரிக்க வந்தவர் ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார்: உங்களிடம் பொருளை வாங்கியது யார்? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பொய்யுமில்லை. நான், அனுப்பத் தீர்மானித்தது பழைய நூலகர், வாங்கிப் போனது கொழும்பு அலுவலகம் என்று சொன்னேன். விசாரணைக்காரர் தலையை நிமிர்த்தாமல், "அதைக் கேட்கேல்லை" என்றார். பொறுப்பக்காவைக் கூப்பிட்டார்கள். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"பொருட்களுக்கு நீங்கள் பொறுப்பெடுத்தீங்களா?"

"ஓமுங்க."

"எழுத்தில அதிகாரம் ஏதும் இருந்ததா?"

"இல்லீங்க."

அவர் சமயாசமய ஊழியர், நாட்சம்பளம். அந்த வருடம் நிரந்தர நியமனம் வரவிருந்தவர்களில் அவரும் ஒருவர். நியமனம் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பக்கத்து அறையில் மிச்சமிருந்த குடத்தையும் கொத்தையும் மணியையும் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வாங்கின வாங்கின வீட்டில் கொடுத்தார். பிறகு ஒரு அரிசி ஆலையில் புடைக்கிற வேலைக்குப் போனார். நானும் மாற்றலாகி வவுனியாவுக்கு வந்துவிட்டேன். அந்த அறையில் இப்போது கணினிகள் இருக்கின்றனவாம்.

அவரை நினைக்கும்போது எனக்கு விசாரணை ஞாபகம் வருவதில்லை. கொழும்பிலிருந்து வந்த பிறகு வட்டக்கச்சிக்குப் போன அந்தப் பின்னேரம்தான் வரும்.

சைக்கிளில் போகும்போது என்ன சொல்வது என்று வழி முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பின்னால் அவர் முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. அம்மா வீட்டுப் படலையடியில் இறங்கியபோது சொல்லிப் பார்த்த சொல் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே போய் நின்று, "படம் போயிடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துச் சுவரோடு சாத்தினார். "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டு, குசினிக்குள் போனார். நாங்கள் முற்றத்தில் நின்றோம். அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது. மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து தந்துவிட்டு, வாசற்படியில் இருந்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "குடுக்கேக்கையே நினைச்சனான், இது வராதெண்டு. இஞ்சயிருந்து போனது எது திரும்பி வந்தது?"

பொறுப்பக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏம்மா குடுத்தீங்க?"

"நீ கேட்டாய்."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தார்.

"என்னட்டை ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்லைப் பிள்ளை. வீட்டைக் கேக்கேல்லை, மாட்டைக் கேக்கேல்லை, அவளையும் கேக்கேல்லை. எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனவை. நீ வந்து தரலாமோ எண்டு கேட்டாய். எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிறமாதிரித்தான் சொன்னார். அதனாலேயே அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பொறுப்பக்காவின் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் படியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினார். அம்மாவின் பெரிய பானையை நிரப்பினார். பிறகு குடத்தை. பிறகு மாடில்லாத தொட்டியை.

"விடு பிள்ளை, எனக்கு ஏன் இவ்வளவு தண்ணி" என்று அம்மா இருந்த இடத்திலிருந்து சொன்னார். அவர் கேட்கவில்லை. பிளாஸ்ரிக் பேசினை நிரப்பினார், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டிகளை நிமிர்த்தி நிரப்பினார், மூலையில் கிடந்த பழைய பெயின்ற் வாளியையும் நிரப்பினார். கப்பிச் சத்தம் நிற்காமல் கேட்டது. நான் போய் உதவலாமா என்று எழும்பினேன். அம்மா வேண்டாமென்று கையைக் காட்டினார்.

நிரப்ப ஒன்றும் இல்லாமல் போனது. கடைசியாக அள்ளிய வாளியைக் கையில் பிடித்தபடி, அதை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் அவர் கிணற்றடியில் நின்றார்.